அப்பா வரையாத பக்கங்கள்

அத்தியாயம் பன்னிரண்டு

"என்னோடத மட்டும் எடுத்துடுங்க அண்ணி. கும்பிட்டுக் கேக்கிறேன்."

மதுசன் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வீட்டிலிருந்து திரீவீல் கிளம்பியபோது சொன்னான். ரப்பர் மலை வளைவில் சொன்னான். இப்போது தெரணியகலை டவுன் கண்ணில் பட்டதும் மறுபடி ஆரம்பித்துவிட்டான்.

பின் சீட்டில் கிருஷ்ணகுமாரி வெளியே மழையைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். "எப்படி எடுக்கிறது? அவளே எண்ணி அடுக்கி வச்சிருக்கா. ஒண்ணு குறைஞ்சாலும் எங்கன்னு கேப்பா."

"அவ கண்ணு பொல்லாத கண்ணு அண்ணி."

"இத்தன மாசமா கண்டுபிடிக்கலயே."

"இத்தன மாசமா பழசும் புதுசும் ஒரே சுவத்துல தொங்கலயே."

கிருஷ்ணகுமாரி மழையை விட்டுத் திரும்பினாள்.

பக்கத்தில் நிரோஷா மடியில் அட்டைப்பெட்டியை வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது. புது ரிப்பன், புதுச் சட்டை. அவளைப் பற்றித்தான் இவ்வளவு பேச்சும், அவளுக்கு ஒரு முழம் தள்ளி, சத்தமாகவே நடந்தது. அந்த வீட்டில் ரகசியம் பேச யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். நிரோஷாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்கு அஜந்தனை நன்றாகத் தெரியும். இன்றைக்குத்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

அஜந்தன் கிருஷ்ணகுமாரியின் புருஷன், மதுசனின் அண்ணன். போர்டு எழுதுகிற தொழில். மகளுக்குக் காது கேட்காது என்று தெரிந்த அன்று தோட்டமே உச்சுக்கொட்டியது. தூரத்தில் ஒரு விசேட பாடசாலையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே எல்லாம் சிங்களத்தில். ஒரு தவணை முழுக்க அழுதுவிட்டுப் பிள்ளை திரும்பி வந்தது. கிருஷ்ணகுமாரியோ தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் அ, ஆ எழுதப் பழக்கியவள். சொந்தப் பிள்ளைக்கு ஒரு எழுத்தை விளங்கவைக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

வழி கண்டுபிடித்தது அஜந்தன்தான். ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டான். கட்டத்துக்குள் கிருஷ்ணகுமாரி, கையில் கேத்தல். தலைக்கு மேலே முட்டை மாதிரி ஒரு வட்டம், அதிலிருந்து வால் போல ஒரு கோடு இறங்கி அவள் உதட்டில் வந்து முடிந்தது. வட்டத்துக்குள் ஒரே ஒரு சொல்: தேத்தண்ணி.

பிள்ளை அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தது. வால் வழியாக விரலை இழுத்துக்கொண்டே உதடு வரை வந்தது. பிறகு எழுந்துபோய் அடுப்படியில் நின்ற அம்மாவின் நிஜமான உதட்டில் அதே விரலை வைத்தது. மனுசர்கள் சும்மா வாயை அசைக்கவில்லை, அதிலிருந்து ஏதோ வெளியே வருகிறது என்று அதற்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது ஐந்து வயது.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு பக்கம். தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில் யாரோடு யாருக்குச் சண்டை, காலைப் பிரட்டில் வேலை பிரிக்கிற கங்காணி என்ன சொன்னார், பஸ்ஸில் எல்லாரும் ஏன் சிரித்தார்கள், எல்லாவற்றையும் அஜந்தன் கட்டம் கட்டமாக வரைந்து மகளிடம் நீட்டினான். அவள் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்குள்ளேயே கையாலும் முகத்தாலும் ஒரு பாஷை தானாக உண்டானது.

பிறகு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு போர்டு கம்பெனியில் வேலை கிடைத்துப் போனான். வாரம் ஒரு பக்கம் கொழும்பு பஸ்ஸில் வந்தது. கண்டக்டரிடமிருந்து மதுசன் கவரை வாங்கிவருவான்.

போன மாசி மாதத்தோடு பக்கங்கள் நின்றுவிட்டன. அஜந்தன் அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஒரு வாரத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துபோனது. கொழுந்து மலையில் பேசினார்கள், கோயிலில் பேசினார்கள், டவுன் கடைகளிலும் பேசினார்கள். நிரோஷா ஒருத்திக்கு மட்டும் எட்டவில்லை. வம்பு காது வழியாகத்தானே போகும்?

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை மதுசன் கையில் கவரோடு வந்தான். கிருஷ்ணகுமாரியின் நெஞ்சு ஒரு கணம் துள்ளி எழுந்தது. அஜந்தன் மனசு மாறிவிட்டான் என்றுதான் நினைத்தாள். கொழுந்தனின் நடுவிரலில் காயாத கறுப்பு மையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. பிள்ளை அன்றைக்கு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

அப்படியே நடந்துகொண்டிருந்தது. மதுசனின் பக்கங்களில் அப்பா வத்தளையில் பெரிய பெரிய போர்டுகளில் ஏறி நின்று எழுதினார். முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். மழையில் குடையைத் தொலைத்தார். கடைசிக் கட்டத்தில் எப்போதும், "அப்பா சீக்கிரம் வருவேன்."

போன வாரம் ஆசிரிய ஆலோசகர் நஜீப் சேர் பாடசாலைக்கு வந்தார், நிரோஷாவின் பக்கங்களைப் பார்த்தார், பிரமித்துப்போனார். "வாசிப்பு மாதக் கண்காட்சிக்கு இத வைக்கத்தான் வேணும் டீச்சர். நீங்களும் பேசணும்" என்றார். கிருஷ்ணகுமாரி தலையை ஆட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலில்தான் நாம் அவளை விட்டுவிட்டு வந்தோம்.

*

மண்டபத்தில் நீளமாகக் கயிறு கட்டி, துணிக் கிளிப்புகள் மாட்டியிருந்தார்கள். நஜீப் சேர் வாசலுக்கே வந்து நிரோஷாவின் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"தேதிப்படி வாணாம் டீச்சர்" என்றார். "பாடப்படி தொங்கவிடுவோம். மழை ஒரு பக்கம், பிரயாணம் ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம். அப்பதான் மத்த டீச்சர்மாருக்கு வகுப்புல எப்படிப் பாவிக்கிறதுன்னு வெளங்கும்."

கிருஷ்ணகுமாரி பெட்டியின் மூடியில் கையை வைத்தாள். "தேதிப்படியே இருக்கட்டுமே சேர்…"

"இல்ல இல்ல. இதுதான் நல்லா ஈக்கும்."

அவர் கையால் காட்டியதை நிரோஷா ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டாள். ஸ்டூல் மேல் ஏறி, பக்கங்களைப் பிரித்து மாட்டத் தொடங்கினாள். 'மழை' என்ற தலைப்புக்குக் கீழே அஜந்தன் வரைந்த மழை, அதற்குப் பக்கத்திலேயே மதுசன் வரைந்த மழை. கிருஷ்ணகுமாரி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய் உதவி செய்யவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை.

ஹபீலா டீச்சர் வந்து கையைப் பிடித்தாள். இருவரும் ஒரே வருஷத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்கள். "புள்ளட முகத்துல என்னா வெளிச்சம் குமாரி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர்… ஒண்டும் பேசினாரா?"

"இல்ல."

"அல்லாஹ் பாத்துக்குவான்."

நிரோஷா ஸ்டூல் மேலிருந்து திரும்பி இருவரையும் பார்த்துச் சிரித்தாள். ஹபீலாவும் சிரித்துக் கையசைத்தாள்.

கிருஷ்ணகுமாரி மேடையில் ஏறினாள். மைக்கைப் பிடித்த பிறகு பேச்சு தானாக வந்தது.

"படத்தால கதை சொல்றது நேத்து வந்த பழக்கமில்ல. நம்ம பக்கத்துப் பழைய விகாரைங்களுக்குப் போய்ப் பாருங்க. சுவத்துல வரி வரியா கதை ஓடும். ஒரே ராசா நாலு இடத்துல நிப்பார். ஒரு இடத்துல யானை ஏறுவார், அடுத்த இடத்துல இறங்கி நிப்பார். எழுத்துத் தெரியாத சனம் அந்தச் சுவத்த வாசிச்சிச்சு."

கூட்டம் அமைதியாகிக் கேட்டது.

"நூறு வருஷத்துக்கு முந்தியே அமெரிக்காவுல பேப்பர்க்காரங்க கட்டம் கட்டமா படக்கதை போட்டாங்க. பேசுறத வட்டத்துக்குள்ள எழுதுற பழக்கம் அதுல ஊரெல்லாம் பரவுச்சு. பிறகு அதே ஊருல, இதெல்லாம் புள்ளைங்களக் கெடுக்குதுன்னு சொல்லி, பள்ளிக்கூட மைதானத்துல குவிச்சு வச்சுக் கொளுத்தினாங்க. புள்ளைங்க கையாலேயே கொளுத்த வச்சாங்க. ஆனா யுத்த காலத்துல சிப்பாய்ங்களுக்கு இஞ்சின் பழுது பாக்கச் சொல்லிக் குடுக்கணும்னு வந்தப்ப, அந்த நாட்டு ராணுவம் படக்கதையத்தான் தேடிப் போச்சு."

பேசப் பேச ஒன்று அவளுக்கு உறைத்தது. இதில் ஒரு சொல்கூட அவளுடையதில்லை. கல்யாணமான புதிதில் கலவானைக்கு ஒரு சொந்தக்கார வீட்டுக்குப் போனபோது, வழி முழுக்க பஸ்ஸில் அஜந்தன் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். விகாரைச் சுவர், யானை, கொளுத்தின புத்தகங்கள். அவள் தூங்கிவழிந்து அவன் தோளில் சாய்ந்து கேட்டிருந்தாள். அவனுடைய குரல் இப்போது அவள் வாயிலிருந்து மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "நம்ம நாட்டுலயும் எழுபது, எண்பதுகள்ல சிங்களத்துல வாராவாரம் சித்திரக்கதைப் பத்திரிகை வந்துச்சு. தேத்தண்ணிக் கடையில ஒருத்தர் வாசிக்க நாலு பேர் எட்டிப் பாப்பாங்க. தமிழ்ல இந்தியாவுல இருந்து வந்ததுங்க. எங்க தோட்டத்துல பள்ளிக்கூடம் போகாத எத்தனையோ பேர் அதுலதான் எழுத்துக்கூட்டப் பழகினாங்க."

முன்வரிசையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கையை உயர்த்தினார். "டீச்சர், படத்தக் காட்டிப் பழக்கினா புள்ளைகள் பிறகு எழுத்த வாசிக்குமா? எங்கட காலத்துல இதைக் கண்டா பறிச்சுக் கிழிச்சுப் போட்டுடுவோம்."

"கிழிச்சீங்க சேர்" என்றாள் கிருஷ்ணகுமாரி. "கிழிச்ச பிறகு அந்தப் புள்ளைங்க எதை வாசிச்சாங்க?"

மண்டபம் சிரித்தது. அதிபரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவள் சுவர்ப் பக்கம் கண்ணை ஓட்டினாள்.

நிரோஷா 'மழை'க்கு முன்னால் நின்றிருந்தாள். மூக்கு தாளில் இடிக்கிற மாதிரி. ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். எடுத்து அடுத்த பக்கத்தில் வைத்தாள். மறுபடி முதல் பக்கம். பிறகு 'பிரயாண'த்துக்குப் போனாள். அங்கேயும் விரல். திரும்பி வந்து ஒரு பக்கத்தின் கிளிப்பைக் கழற்றினாள்.

அது மதுசனுடையது.

கிருஷ்ணகுமாரி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. கண் முழுக்க அந்தச் சுவரில். நிரோஷா அடுத்ததைக் கழற்றினாள். மூன்று பக்கங்களை விட்டுவிட்டு நான்காவதைக் கழற்றினாள். தடுமாற்றமே இல்லை. ஒன்றைக்கூடத் தப்பாகக் கழற்றவில்லை.

நஜீப் சேர் இன்னொரு மைக்கை எடுத்தார். "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க! புள்ள தானாவே தரம் பிரிக்கிது! மாஷா அல்லாஹ், இதத்தான் நாங்க வாசிப்புன்னு சொல்றது!"

கைதட்டல் எழுந்தது. இருநூறு கைகள் தட்டின. நிரோஷாவுக்கு அது தெரியாது. அவள் கயிற்றின் கடைசிவரை போய் முடித்தாள். சுவர் பல் விழுந்த வாய் மாதிரி இடையிடையே வெறிச்சோடிக் கிடந்தது.

கழற்றிய தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு, மண்டபத்தின் மறுகோடியிலிருந்து அம்மாவைப் பார்த்தாள். பிறகு பக்கக் கதவைத் திறந்து மழைக்குள் இறங்கினாள்.

"மன்னிச்சுக்கங்க சேர்" என்று மைக்கை மேசையில் வைத்துவிட்டு கிருஷ்ணகுமாரி ஓடினாள்.

*

மதுசன் திரீவீலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மண்டபத்துக்குள் வரமாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

கிருஷ்ணகுமாரி வந்து சேர்ந்தபோது நிரோஷா பின் சீட்டில் பக்கங்களைப் பரப்பிவிட்டிருந்தாள். சித்தப்பாவின் சட்டைப்பையிலிருந்து பேனையை உருவி அவன் கையில் திணித்தாள். நிகழ்ச்சிநிரல் தாளைத் திருப்பி அவன் முன்னால் வைத்தாள். மேலுதட்டுக்கு மேலே மீசையை முறுக்குகிற மாதிரி விரலை ஓட்டினாள். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் அப்பா. பிறகு தாளைத் தட்டினாள். வரை.

"அண்ணி…" மதுசன் உதவி தேடிப் பார்த்தான்.

நிரோஷா அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். வரை.

அவன் வரைந்தான். அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரியாமல், எல்லாவற்றையும் கவனமாக வரைந்தான். அண்ணன் போடுகிற மாதிரியே மூக்கு, அதே மீசை, நெற்றியில் விழுகிற அதே முடி. பேச்சு வட்டம் போட்டான். வாலை இழுத்தான். வால் உதட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

நிரோஷா வாலின் நுனிக்கும் அப்பாவின் உதட்டுக்கும் நடுவில் இருந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தாள்.

அவ்வளவுதான்.

அச்சடித்த படக்கதைகளில் வால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், வாயைத் தொடாது. மதுசன் அதைப் பார்த்துப் பழகியவன். அஜந்தன் மட்டும் முதல் நாள் கலண்டர் தாளில் போட்டது போலவே கடைசிவரை உதட்டைத் தொட்டுத்தான் முடித்தான். பேச்சு எங்கிருந்து வருகிறது என்று மகள் தடுமாறக் கூடாது என்பதற்காக. இத்தனை வருஷம் பார்த்தும் கிருஷ்ணகுமாரியின் கண்ணில் அது பட்டதே இல்லை. காது கேட்கிறவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

மதுசன் பேனையைக் கீழே போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

நிரோஷா அம்மாவிடம் திரும்பினாள். மீசையை முறுக்கினாள். பிறகு கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கையை விரித்துக் காட்டினாள். போன வருஷம் கோயில் பூசாரி செத்தபோது அவள் கற்றுக்கொண்ட சைகை.

"இல்ல, இல்ல!" கிருஷ்ணகுமாரி பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினாள். சாகவில்லை. அப்பா நல்லா இருக்கார்.

நிரோஷாவின் தொண்டையிலிருந்து சந்தோஷத்தில் மட்டும் வருகிற அந்தச் சத்தம் வந்தது. மூச்சு வாங்கச் சிரித்தாள். தாவிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கிருஷ்ணகுமாரிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

பிள்ளை விலகி நின்று அடுத்தடுத்துக் கேட்டது. கையில் காயமா? இல்லை. காய்ச்சலா? இல்லை. தூர தேசம் போய்விட்டாரா? இல்லை. அப்படியானால் ஏன்?

அந்த வீட்டுப் பாஷையில் அதற்கு ஒரு சைகை இருக்கவில்லை. தேவைப்படும் என்று யாரும் நினைத்ததில்லை. கிருஷ்ணகுமாரி சீட்டிலிருந்து பேனையை எடுத்தாள். அவளுக்கு வரைய வராது. எழுதினாள். டீச்சர் கையெழுத்து, வட்ட வட்டமாக, அந்த நேரத்திலும் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

'அப்பா வேறு வீட்டில் இருக்கிறார். வேறு ஒரு அம்மாவோடு.'

நிரோஷா வாசித்தாள். 'வேறு ஒரு அம்மா' என்ற இடத்தில் திரும்பவும் வாசித்தாள். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கழுத்துத் தாலியைத் தொட்டு, தூரத்தைக் காட்டினாள். அங்கேயுமா?

கிருஷ்ணகுமாரி தலையாட்டினாள்.

மழை மண்டபத்தின் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. மண்டபத்து வாசலுக்கு நஜீப் சேரும் ஹபீலா டீச்சரும் வந்து நின்றுவிட்டார்கள், கிட்ட வரத் தயங்கி.

நிரோஷா நெற்றியில் விரலை வைத்தாள். தெரியும் என்பதற்கு அதுதான் சைகை. மதுசனைக் காட்டினாள். சித்தப்பாவுக்குத் தெரியும்?

அம்மா தலையாட்டினாள்.

உனக்கும்?

தலையாட்டினாள்.

வாசலில் நின்ற ஹபீலாவைக் காட்டினாள். அவங்களுக்கு?

கிருஷ்ணகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

நிரோஷா மலைப்பக்கம் கையை நீட்டினாள். அங்கே தோட்டம், லயம், பீலிக்கரை, பள்ளிக்கூடம். இரண்டு கைகளையும் பெரிதாக விரித்து ஒரு வட்டம் போட்டாள். எல்லாருக்குமா?

பொய் சொல்ல இனி இடமில்லை. ஆமாம் என்று அம்மா தலையசைத்தாள்.

நிரோஷா தன் மார்பைத் தொட்டுக்கொண்டாள். பிறகு காதைத் தொட்டுக்கொண்டாள். இத்தனை நாளும் தன்னைப் பார்த்துச் சிரித்த ஒவ்வொரு முகமும் இப்போது அவளுக்கு ஞாபகம் வந்துகொண்டிருக்கும் என்று கிருஷ்ணகுமாரிக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து, தரையிலிருந்து இடுப்புயரத்துக்குக் கையை வைத்துக் காட்டினாள். அங்கே சின்னப் பிள்ளை இருக்கிறதா?

அந்தப் பெண்ணுக்கு முந்தின கல்யாணத்தில் ஒரு பெண்பிள்ளை இருப்பதாக மதுசன் விசாரித்துச் சொல்லியிருந்தான். கிருஷ்ணகுமாரி ஆமாம் என்றாள்.

நிரோஷா மறுபடி காதைத் தொட்டாள். இந்த முறை கேள்வியாக. அந்தப் பிள்ளைக்குக் கேட்குமா?

கிருஷ்ணகுமாரி அப்படியே நனைந்த தரையில் குந்தி உட்கார்ந்து மகளின் கால்களைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கேட்கும் என்று தலையாட்டினாள்.

நிரோஷா அழவில்லை. சீட்டில் கிடந்த பக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் தட்டி அடுக்கினாள். ஒன்றையும் கசக்கவில்லை, கிழிக்கவில்லை. இரண்டு கைகளாலும் மதுசனிடம் நீட்டினாள்.

"வச்சுக்கம்மா…" என்றான் அவன். "சித்தப்பா ஒனக்குத்தான்ம்மா வரைஞ்சேன்."

அவள் அவன் மடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

*

பஸ் ஸ்டாண்ட் எட்டி நடந்தால் வந்துவிடுகிற தூரம். கிருஷ்ணகுமாரி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப் போவதற்குள் நிரோஷா வரிசையாக நின்ற பஸ்களின் போர்டுகளை வாசித்துக்கொண்டே போய், 'கொழும்பு' என்று போட்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

படியில் நின்ற கண்டக்டர் இவளைக் கண்டுகொண்டான். முன்பெல்லாம் அஜந்தனின் கவரைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். "மிஸ், கொலம்பட்டத?" என்று சிங்களத்தில் கேட்டான், கொழும்புக்கா என்று. கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் டிக்கட் மிஷினைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருந்தது.

இறக்கிக் கூட்டிப் போய்விடலாம். கையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிற பிள்ளைதான். கிருஷ்ணகுமாரி படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள்.

இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட அவள் வத்தளைக்குப் போனதில்லை. ரோஷம் என்று ஊர் நினைத்தது. அவளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. போய்க் கதவைத் தட்டினால் கேட்டாக வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடும். கேட்காதவரைக்கும் ஒருநாள் திரும்பி வருவான் என்று அடிமனசின் மூலையில் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த விளக்கைக் காப்பாற்றத்தான் பிள்ளைக்கு முன்னால் பொய்யைத் திரையாகப் பிடித்திருந்தாள். பிள்ளைக்காக என்று நினைத்ததில் பாதி தனக்காக.

"மிஸ், நகினவாத?" ஏறுகிறீர்களா?

ஏறினாள்.

நிரோஷா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இடமிருந்தது. கிருஷ்ணகுமாரி உட்கார்ந்து, மகளின் தோளைத் தொட்டாள். நிரோஷா திரும்பினாள். அம்மாவின் கைகள் எழுந்தன. நான் உனக்காகத்தான், நீ சாப்பிடாமல் கிடந்தாய், அதைப் பார்க்க முடியாமல்தான்… எப்படித் தொடங்குவது என்று அந்தக் கைகள் காற்றில் தடுமாறின.

நிரோஷா அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளோடு பேச அதற்குமேல் வழி கிடையாது.

பஸ் நகர்ந்தது. மண்டபம் தாண்டியது. திரீவீலுக்குப் பக்கத்தில் மதுசன் காதில் போனை வைத்துக்கொண்டு மழையில் நிற்பது தெரிந்தது. கையை ஆட்டி ஏதோ கத்தினான். கேட்கவில்லை.

ரோட்டோரம் தேயிலை முடிந்து ரப்பர் மரங்கள் வந்தபோது கிருஷ்ணகுமாரியின் போன் அதிர்ந்தது. மதுசன் அனுப்பியிருந்தான்.

'அண்ணன்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன் அண்ணி. அழுறார். ஆனா புள்ளய கூட்டிட்டு வர வேணாங்கிறார். அவ மொகத்த பாக்க தன்னால ஏலாதாம். எறங்கிடுங்க. நான் வந்து ஏத்திக்கிறேன்.'

ஒருமுறை வாசித்தாள். எழுத்துகள் கலங்கின. துடைத்துவிட்டு மறுபடி வாசித்தாள். அழுகிறானாம். அந்த ஒரு சொல்லில் மனசு போய் ஒட்டிக்கொண்டது. தன்மேலேயே வெறுப்பு வந்தது.

இனி இந்தப் பிள்ளைக்கு எதையும் மறைப்பதில்லை என்று மண்டபத்துக்கு வெளியே மழையில் குந்தியிருந்தபோது நினைத்திருந்தாள். இதையும் காட்டத்தான் வேண்டும். காட்டினால் அடுத்த டவுன் தெஹியோவிட்டயோடு இறங்கிவிடலாம். காட்டுவதற்குப் பிள்ளை கண்ணைத் திறக்க வேண்டும்.

"நிரோ" என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. தோளைத் தொட்டாள். பிள்ளை தோளை இழுத்துக்கொண்டது. மூடிய இமைகளின் ஓரத்தில் தண்ணீர் ஊறி, கன்னத்தில் இறங்கி, புதுச் சட்டையின் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல்.

தெஹியோவிட்டயில் பஸ் நின்றது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தான். "மிஸ், பஹினவாத?" இறங்குகிறீர்களா?

கிருஷ்ணகுமாரி போனின் வெளிச்சத்தை மகளின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். அவள் காத்திருந்தாள். பிறகு போனை மடியில் கவிழ்த்துவிட்டு, இல்லை என்று கண்டக்டருக்குத் தலையை ஆட்டினாள்.

கதவு சாத்திக்கொண்டது. நிரோஷா கண்ணைத் திறக்கவே இல்லை.